பீதாம்பரத்தின் மேல் இரண்டாவது மனு

முதலில் அர்த்தனாரி பெயரைப் போடுங்கள் அம்மிணி. எனக்கு முதல் அநியாயம் செய்தவன் அவன்தான். மினி பஸ் முதலாளி அர்த்தனாரி, ஆவாரங்காட்டூர், சங்ககிரி தாலுக்கா. கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடுங்கள். அடுத்தது டிரைவர் பெயர். கண்டக்டர் மாரப்பன் மூன்றாவது. என் பெயர் கடைசியில் வந்தால் போதும், நான் விளம்பரம் தேடுகிற ஆள் இல்லை. ராக்கியண்ணன். வயது அறுபத்தொன்பது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி.

நீங்கள் அவசரப்பட வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நமக்கு முன்னால் இன்னும் எழுபது பேர் இருக்கிறார்கள். போன மாதம் இதே மரத்தடியில் அந்தக் கோடியில் குடை வைத்து உட்கார்ந்திருக்கிறாரே, தடிக் கண்ணாடிக்காரர், அவரிடம்தான் ஒரு மனு எழுதினேன். நான் கதையில் பஸ் ஏறுகிற இடத்துக்கு வருவதற்குள் அவர் எழுதி முடித்து, மடித்து, கையில் கொடுத்துவிட்டார். 'பேருந்து ஓட்டுநருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். பதினொரு வருஷத்துச் சமாசாரத்துக்கு ஒரே வரி. போதாததற்குப் பணிவு வேறு. நான் எங்கே பணிந்தேன்?

சரி, கொடுத்தேன், மறந்தும் போனேன். மனு கொடுத்தால் உடனே என்ன நடந்துவிடப்போகிறது? அந்தத் தைரியத்தில்தானே எல்லோரும் கொடுக்கிறோம். அது பலித்துவிட்டது அம்மிணி. அதுதான் இப்போது சிக்கல். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிச் சத்தீஸ்கருக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் நிறுத்தியாக வேண்டும்.

முதலில் நான்தானே அவனை எடுக்கச் சொன்னேன் என்று பார்க்கிறீர்கள். தெரிகிறது. பார்க்காதீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் ஊரிலிருந்து சங்ககிரி பதினாலு கிலோமீட்டர். காலை எட்டு நாற்பதுக்கு வண்டி. டிரைவருக்கு இடப்பக்கம், இன்ஜின் பெட்டியை ஒட்டி ஒற்றை சீட்டு ஒன்று உண்டு. அது என் சீட்டு. நான் காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட அதில் ஒருவரும் உட்காரவில்லை என்று மாரப்பன் சொன்னான். அவ்வளவு மரியாதை. இன்ஜின் சூட்டில் தொடை வெந்துபோகும், அதனால்தான் உட்காரவில்லை என்று என் வீட்டுக்காரி பாவாயி சொல்வாள். அவள் அப்படித்தான்.

டவுனில் எனக்கு வேலை எதுவும் இல்லை. போவேன், ஒரு டீ குடிப்பேன், அதே வண்டியில் திரும்புவேன். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினவன் நான். நாக்பூர், கல்கத்தா, கௌஹாத்தி. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. வண்டி ஆடினால் சரியாகிவிடுகிறது. வண்டி ஆடினால் பேச்சும் வருகிறது.

அந்த வண்டியில் பூபதி என்று ஒரு டிரைவர் இருந்தான். பதினொரு வருஷம் நான் பேசுவேன், அவன் ம் கொட்டுவான். ம் கொட்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். சும்மா 'கேட்கிறேன்' என்கிற ம் ஒன்று. 'அட, அப்புறம்?' என்கிற ம் ஒன்று. 'அவன் எல்லாம் ஒரு மனுஷனா?' என்கிற ம் ஒன்று. பூபதிக்கு மூன்றும் வரும். வளைவில் ஆரனும் அடிப்பான், குழியில் பிரேக்கும் போடுவான், ம்மும் விடமாட்டான். கோதாவரிப் பாலத்தின் மேல் என் லாரி நின்றுபோன கதையை அவனுக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பேன். நாற்பதாவது தடவையும் அன்றைக்குத்தான் கேட்பது போல ம் வரும். நல்ல வளர்ப்பு.

வீட்டில் பேசலாமே என்பீர்கள். நான் வாயைத் திறந்தால் பாவாயி டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். ரிமோட்டில் அந்த ஒரு பொத்தான் மட்டும் தேய்ந்தே போயிற்று. இதை எழுத வேண்டாம். குடும்ப விஷயம்.

ஆடி மாதம் பூபதி சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆள் ஏற்றுகிற வண்டிக்குக்கூட இல்லை, நூல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு! மூட்டை பேசுமா அம்மிணி? பேச்சுத் துணை இல்லாமல் அங்கே எப்படிக் காலம் தள்ளுகிறானோ என்று எனக்கு இன்றைக்கும் கவலை.

அடுத்து எடப்பாடிக்காரன் ஒருவன் வந்தான். ஒன்பது நாள். அப்புறம் ஓமலூர்க்காரன். நாலே நாள். நாலாம் நாள் சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திச் சாவியை மாரப்பன் கையில் கொடுத்துவிட்டு, வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். கேட்டால் காது வலியாம். இந்தக் காலத்து டிரைவர்களுக்கு உடம்பில் தெம்பே இல்லை.

அப்புறம் ஆவணியில் ஒரு திங்கட்கிழமை வண்டி ஏறுகிறேன், டிரைவர் சீட்டில் புது ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிவப்புத் துண்டு. நான் உட்கார்ந்ததும் சிரித்தான். நல்ல சிரிப்புதான், அதை மறைக்கக் கூடாது.

"எந்த ஊருப்பா?" என்றேன்.

சிரித்தான்.

"பேரு என்ன?"

அதற்கும் சிரித்தான்.

பின்னாலிருந்து மாரப்பன் சொல்கிறான், "அண்ணா, அவரு ஒடிசாக்காரருங். பேரு பீதாம்பர். தமிழ் தெரியாதுங்."

எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரே நாளில் அவனைப் பீதாம்பரம் ஆக்கிவிட்டார்கள். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஆள், வாயைத் திறந்தால் ஒன்றும் இல்லை. அர்த்தனாரியின் அண்ணனுக்குப் போர் போடுகிற ரிக் வண்டி இருக்கிறது. சத்தீஸ்கரில் ஓடுகிறது. அதில் பத்து வருஷம் டிரைவராக இருந்தவனாம். அந்த இரைச்சலில் கற்றுக்கொண்ட தமிழ் மொத்தம் ஏழெட்டு வார்த்தை. 'தண்ணி.' 'கல்லு.' 'பைப்பு எறக்கு.' 'எரநூறு அடி.' இதை வைத்துக்கொண்டு கிணறு வெட்டலாம். பஸ் ஓட்ட முடியுமா?

நேராக அர்த்தனாரி வீட்டுக்குப் போனேன். அவன் எனக்கு மாப்பிள்ளை முறை.

"ஏம்ப்பா மாப்பிள்ளை, தமிழ் தெரியாதவனை எப்படி டிரைவராப் போட்டே?"

"மாமா, அவனுக்கு லைசென்சு இருக்குதுங். பேட்ஜ் இருக்குதுங். தண்ணி போடற பழக்கம் இல்லீங்."

"தமிழு?"

"அது இல்லீங். அதுக்குத்தானுங் மாமா அவனைத் தேடிப் புடிச்சு வந்தேன்."

அதற்குத்தான் என்றால் என்ன அர்த்தம்? வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். பாவாயியிடம் சொன்னேன். அவள் டிவியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் எனக்காக டிவியை நிறுத்தியது அன்றைக்குத்தான். என்ன சிரிப்பு என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். நான் சத்தம் போட்டதில் அர்த்தனாரி பயந்து எதையோ உளறிவிட்டான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பொது விஷயத்தை விட முடியுமா? மறுநாள் பஸ் நிற்கிற இடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். "தமிழ் தெரியாத டிரைவர் வண்டியில நாம உசுரைக் கையில புடிச்சுட்டுப் போறோம். நடுவழியில ஒருத்திக்குப் பிரசவ வலி வருது. வண்டிக்குள்ள பாம்பு பூந்துருது. பின்னால டயர் கழண்டு ஓடுது. இவனுக்கு எப்படிச் சொல்றது?"

அர்த்தனாரியும் வந்திருந்தான். "சரிங் மாமா. நீங்களே பரீட்சை வையுங்க. அவன் தோத்தா நான் ஆளை மாத்தீர்றேன்" என்றான்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பீதாம்பரம்! நம்ம வண்டியில ஒரு அம்மாவுக்குப் பிரசவ வலி. கத்தறா. நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டினேன். கத்தியும் காட்டினேன். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, ரொம்ப வருத்தமாகச் சொன்னான்: "எரநூறு அடி. தண்ணி இல்லே."

ஊரே விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும், தோற்றது தோற்றதுதானே? ஆனால் தீர்ப்பு யார் சொல்வது? நல்லம்மாள் என்று ஒருத்தி, பால் கேனோடு ஏறுகிறவள், முன்னால் வந்துவிட்டாள்.

"டிரைவரை மாத்தற வேலை வெச்சுக்காதீங்க. நான் எறங்கறது ஸ்டாப்புல இல்லே, பம்புசெட்டுக்கிட்ட. வந்த மொத நாளே அவன் என்ற மூஞ்சியைப் பாத்து அங்க நிறுத்துனான். பூபதி இருந்தப்ப என்ன கதி? என்ற ஊட்டுச் சமாச்சாரம் எனக்கு முன்னால சங்ககிரி போயி எறங்கீரும். முன் சீட்டுல உக்காந்து யாரு சொன்னாங்களோ, எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது அம்மிணி. அப்படிப் பேசுகிறவர்கள் சில பேர் அந்த வண்டியில் வந்தார்கள்.

மாரப்பன் வேறு நடுவில் மூக்கை நுழைத்தான். "அண்ணா, நீங்க முப்பத்தொரு வருசம் வடக்கே ஓட்டுனீங்களே. அங்கத்த பாசை பேசினீங்களாங்?"

"ஒரு வார்த்தை கத்துக்கலே!" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். ஏன் கற்க வேண்டும்? நான் ஏற்றியது சிமெண்ட் மூட்டை. மூட்டைக்கு எந்தப் பாஷையும் வேண்டாம். அதோடு, வடக்கே இருக்கிறவர்களுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. உங்களுக்கு நம்பிக்கை வராது. ஒரு தடவை நாக்பூர் தாண்டி எனக்கு மஞ்சள் காமாலை. ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைக்காரன் ஒருவன் கயிற்றுக் கட்டில் போட்டு ஒன்பது நாள் படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றினான். ஒன்பது நாளும் நான் அவனோடு தமிழில்தான் பேசினேன். பெண் கல்யாணம், தம்பி செய்த துரோகம், எல்லாம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவான். கடைசி நாள் என் தோளைக் கட்டிக்கொண்டான். புரியாமலா கட்டிக்கொள்வான்? அந்த அறிவு இந்தப் பீதாம்பரத்துக்கு இல்லையே என்றுதான் என் ஆத்திரம்.

அதனால் பரீட்சை அப்படியே நின்றுபோயிற்று. அர்த்தனாரி தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிட்டான். நான் ஒரு வாரம் பேசாமல் வந்தேன். ஒரு வாரம்! சூட்டில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, பதினாலு கிலோமீட்டர் போக, பதினாலு கிலோமீட்டர் வர. முழங்கால் மறுபடி பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் பொறுக்க முடியாமல் ஒரு நாள் தானாகவே வாய் திறந்துவிட்டது. "அன்னிக்கு நான் கோதாவரிப் பாலத்து மேல போயிட்டிருக்கேன்..." என்று ஆரம்பித்தேன்.

"ம்" என்றான் பீதாம்பரம்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறான். "மழை அப்படிக் கொட்டுது" என்றேன்.

"ம்."

"லாரி நின்னுபோச்சு!"

"ம்!"

அம்மிணி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூபதியின் ம் தெரியுமே, அதைவிட நல்ல ம். ஆழமான ம். கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. ரிக் வண்டியில் இருந்தவன் அல்லவா. தமிழ் பிடிபட்டுவிட்டது, பேசத்தான் கூச்சம் என்று நினைத்தேன். என்னோடு இரண்டு வாரம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் பிடிபடாது?

புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. என் ஆயுசில் அப்படி இரண்டு மாதம் அமைந்ததில்லை. யாரிடமும் சொல்லாததெல்லாம் அவனிடம் சொன்னேன். பூபதியிடம்கூடச் சொல்லாதது. நான் ஒரு தடவை வேலூர்ப் பக்கம் ஸ்டியரிங்கிலேயே தூங்கிப்போய் ஒரு புளியமரத்தில் மோதினேன். வண்டியில் கோளாறு என்று முதலாளியிடம் சாதித்துவிட்டேன். அதைச் சொன்னேன். 'ம்' என்றான். குற்றம் சொல்லாத ம். என் தம்பி சாகும்போது நான் போகவில்லை. அதையும் சொன்னேன். அதற்கு ரொம்ப மெதுவாக ஒரு ம். அன்றைக்கு டவுனில் நான் டீ குடிக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதையும் எழுத வேண்டாம்.

கார்த்திகையில் ஒரு நாள் கடலை தின்றுகொண்டே பேசினேன். பருப்பு ஒன்று தொண்டையில் மாட்டிக்கொண்டது. பேச முடியவில்லை. இருமலும் வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டி முதல் வளைவில் திரும்பியது.

"ம்" என்றான் பீதாம்பரம்.

நான் பேசவே இல்லை! அடுத்து குழி வந்தது. "ம்." அடுத்து வேகத்தடை. "ம்! ம்!" முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று.

செங்கல் சூளை வரும்போது பருப்பு இறங்கிவிட்டது. சோதித்துப் பார்த்துவிடுவது என்று, "பீதாம்பரம், நீ ஒரு கழுதை" என்றேன்.

"ம்."

"நான் ஒரு கழுதை."

"ம்ம்!" அதற்கு மட்டும் கொஞ்சம் அழுத்தம்.

பின்னால் மொத்தப் பஸ்ஸும் சிரித்தது. மாரப்பன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான், நிற்க முடியவில்லை. அவனைப் பிடித்து உலுக்கினேன். உண்மை வந்தது. அர்த்தனாரி சொல்லி, மாரப்பன்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வண்டி குலுங்கினாலும் ம், திரும்பினாலும் ம். மாரப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறான், "அண்ணா, நீங்க அந்த ஒரு வாரம் பேசாம வந்தீங்களே, பாக்கச் சகிக்கலீங். பாவமா இருந்துச்சு. அதுக்குத்தானுங்."

பாவம்! என்னைப் பார்த்து, ஒரு கண்டக்டர், பாவம் என்கிறான். இரண்டு மாதம் நான் ரோட்டுக் குழிக்குக் கதை சொல்லியிருக்கிறேன் அம்மிணி! புளியமரத்துக் கதை, தம்பி கதை, எல்லாம் குழிக்கு! அந்த ஆத்திரத்தில்தான் இங்கே வந்து கண்ணாடிக்காரரிடம் அந்த மனு.

பத்து நாளில் அர்த்தனாரிக்குத் தாள் வந்துவிட்டது, விளக்கம் சொல்லு என்று. அவன் அதை என் முன்னால் ஆட்டினான்.

"மாமா, எனக்கு எதுக்குங் வம்பு? பர்மிட்டு போச்சுன்னா நான் நடுரோட்டுலதான் நிக்கோணும். தாரமங்கலத்துல ஒரு டிரைவர் கெடைச்சிருக்கான். தமிழ்ல வெளுத்துக் கட்டறான். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை பீதாம்பரத்தை எங்கண்ணனோட ரிக் வண்டிக்கே திருப்பி அனுப்பீர்றேன். சந்தோசமுங்ளா?"

"சந்தோசம்" என்றேன். சந்தோஷம்தான். ஜெயித்தவன் வேறு எப்படி இருப்பான்?

இப்போது கவனமாக எழுதுங்கள். இனிமேல்தான் மனு.

போன வியாழக்கிழமை. காலையிலிருந்து தூறல். வண்டியில் ஆறேழு பேர்தான். நான் என் சீட்டில் உட்கார்ந்தேன், ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும் போல. சிரிக்கவில்லை. ஏரிக்கரை தாண்டியதும் பேச ஆரம்பித்தான்.

ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை. தண்ணி, கல்லு, பைப்பு எதுவும் இல்லை. அவன் பாஷையில், ரோட்டைப் பார்த்தபடி, மெதுவாக. யாரோடோ போனில் பேசுகிறான் என்று நினைத்தேன். பார்த்தால் என்னோடுதான் பேசுகிறான். செங்கல் சூளையில் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இடுப்பு உயரம் காட்டினான். இடுப்பு உயரத்தில் என்ன? பிள்ளையா, கன்றுக்குட்டியா, நெல் குதிரா? எனக்கு என்ன தெரியும்? 'மினதி' என்று மூன்று தடவை சொன்னான். பேர் அது, பேர் என்பது சொல்கிற விதத்திலேயே தெரியுமே. கோயில் பக்கம் வரும்போது சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று கேட்காதீர்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. அவன் இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான். இப்போது இரண்டு கையும் கிடைத்துவிட்டது அல்லவா, பேச்சு வேகமெடுத்தது. மழை என்றான், அது கையிலேயே தெரிந்தது. தண்ணீர் ஏறுகிறது. இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு. யாரோ ஓடுகிறார்கள். யாரோ கத்துகிறார்கள். அப்புறம் குரலை இறக்கி, இரண்டு விரலை ஆள் நடப்பது போல டேஷ்போர்டு மேல் நடக்கவிட்டான். மினதி, மினதி என்று சொல்லிக்கொண்டே. விரல் மெல்ல மெல்ல விளிம்புக்கு வந்தது. விளிம்பில் நின்றது. குனிந்து கீழே பார்த்தது.

நானும் கீழே பார்த்தேன்.

கேட் திறந்துவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். பீதாம்பரம் வண்டியை எடுத்தான், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்து இரண்டு தடவை அழுத்திவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

மாரப்பன் ஓடிவந்து கேட்கிறான், "என்னங்ண்ணா சொன்னாரு?"

"உனக்கு எதுக்குடா?" என்றேன். வேறு என்ன சொல்வது?

"இல்லீங், ஏரிக்கரையிலிருந்து கேட்டு வரைக்கும் நீங்க ம் கொட்டிட்டே வந்தீங்களே, அதான் கேட்டேன்."

பொய். நான் கொட்டவில்லை. கொட்டியிருந்தாலும் குழிக்குக் கொட்டவில்லை, சொன்ன சொல்லுக்குத்தான் கொட்டினேன். அந்த வித்தியாசத்தை எழுதுங்கள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அதே சீட்டில் உட்கார்ந்து, விரலால் டேஷ்போர்டு விளிம்பைத் தட்டித் தட்டிக் காட்டினேன். 'அப்புறம்?' என்றேன். 'அப்புறம்' என்கிற வார்த்தை அவனுக்குத் தெரியவில்லை. தூசி இருக்கிறது என்று நினைத்துத் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மில்லில் ஒடிசாக்காரர்கள் நூறு பேர் இருக்கிறார்கள், ஒருவனைக் கூட்டிப்போய்க் கேளுங்கள் என்கிறாள் பாவாயி. நடுவில் மூன்றாவது ஆள் நின்று சொன்னால் அது கதையா அம்மிணி? அது சாட்சி. அவன் என்னிடம் சொன்னான். என்னிடம்தான் முடிக்க வேண்டும்.

என்ன? நானா? அவன் பாஷையை நான் கற்றுக்கொள்வதா? நன்றாகக் கேட்டீர்கள் போங்கள். கௌஹாத்தி வரைக்கும் போய்வந்து ஒரு சொல் ஒட்டாமல் திரும்பினவன் நான். இந்த வயதில், உள்ளூர் மினி பஸ்ஸில் உட்கார்ந்து கற்றுக்கொள்வேனா? எங்கள் ஊரில் ஓட்டுகிறவன் எங்கள் பாஷை பேச வேண்டும். அதில் மாற்றமே இல்லை. அதை முதல் வரியாகவே போட்டுவிடுங்கள்.

வாபஸ் என்று எழுதாதீர்கள்! அடியுங்கள் அதை. ராக்கியண்ணன் கொடுத்த மனுவை வாபஸ் வாங்கினான் என்று ஊரில் அர்த்தனாரி சொல்லிக்கொண்டு திரியவா? போன மனுவும் சரி, இந்த மனுவும் சரி. போன மனுவில் டிரைவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்றேன். தெரியாதவனை அனுப்பிவிட வேண்டும் என்று எங்காவது சொன்னேனா? பார்த்தீர்களா, ஒரு வரியில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இப்படிப் போடுங்கள். மேற்படி பீதாம்பரம் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும். சத்தீஸ்கரில் கற்க முடியாது. ஆவாரங்காட்டூர்–சங்ககிரி வண்டியில், எட்டு நாற்பது டிரிப்பில்தான் கற்க முடியும். வாத்தியார் நானே. படித்து முடிக்கும் வரை அவனை அந்த வண்டியை விட்டு எடுக்கக் கூடாது. தாரமங்கலத்துக்காரன் வெளுத்துக் கட்டுகிறவனாக இருந்தால் தாரமங்கலத்திலேயே வெளுக்கட்டும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பார்களா? ம் சொல்ல வைக்கவே ஒரு வாரம் ஆயிற்று, அதுவும் மாரப்பன் புண்ணியத்தில். முழுக் கதை சொல்கிற அளவுக்கு வர வேண்டும் என்றால் ஒரு வருஷம். இல்லை, இரண்டு போடுங்கள். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லிக்கொடுக்கிறவன். மூன்று.

அவசரம் என்று மேலே எழுதிக் கீழே கோடு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உத்தரவு வர வேண்டும். கலெக்டர் ஐயா கேட்டால் நானே சொல்கிறேன்: எனக்கு அவன்மேல் பிரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறான், அவ்வளவுதான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது ஐயா, அந்த மினதி டேஷ்போர்டு விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள், வியாழக்கிழமையிலிருந்து.